பார்ட்டிசிப்பியல் ஃப்ரேஸும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று என்னை நானே இங்கிலீஷில் திட்டிப் பார்த்தேன், ஒரு பிழைகூட வரவில்லை. இங்கே நான் சௌக்கியம், அப்பா சௌக்கியம், அவர் முழங்காலின் பிடிவாதமும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், இங்கிருந்து நம்பத்தானே முடியும். விசா பரீட்சையில் தேறினால் உன்னோடேயே வந்து இருந்துவிடலாம் என்று நீ சேர்த்துவிட்டாயே மாலை இங்கிலீஷ் வகுப்பு, அதில் போன வாரம் முழுக்க பார்ட்டிசிப்பியல் ஃப்ரேஸ்தான், நம் ‘சிரித்தபடி’, ‘வேர்த்துக்கொண்டு’ மாதிரி வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தத் துண்டு. வாத்தியாருக்கு உன் வயதுதான் இருக்கும், பலகையில் விதியை எழுதிவிட்டு, புரியுதா ஆன்ட்டி என்று என்னை மட்டும் கேட்கிறான், மற்றவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்ட மாதிரி. என்னோடு படிக்கும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் எழுந்து, வேர்த்து வழிந்தபடி லிஃப்ட் மேலே போனது என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார், இவனும் வெரி குட் என்றுவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் தம்பி, வேர்த்தது அவருக்கா லிஃப்டுக்கா என்று கேட்டேன். அந்த ஃப்ரேஸ் எங்க வீட்டு ஐயா மாதிரிப்பா, தனியா நிக்கத் தெரியாது, யார் மேலயாவது சாயும், பக்கத்துல சரியான ஆளை நிறுத்தணும் என்றேன். வகுப்பே சிரித்தது. மெக்கானிக் தன் வாக்கியத்தைத் தானே திருத்திக்கொண்டார். பியூட்டி பார்லர் பெண், அக்கா, இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா என்றாள்.

மறுநாள் அந்தப் பயிற்சி நிலையத்தை நடத்தும் அம்மாள் கூப்பிட்டு, காலை வகுப்பு ஆள் இல்லாமக் கெடக்கு, நீங்க எடுக்கறீங்களா என்றார். யோசிச்சுச் சொல்றேன் என்று வந்துவிட்டேன். பி.ஏ. முடித்து இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படி ஒன்று கேட்டதில்லை, எனக்கு என்ன வரும் என்று நானும் யோசித்ததில்லை. பரீட்சையில் ஏற்கெனவே தேறிவிட்ட உன் அப்பாவோ ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து குளிருக்குப் பழகுகிறார், பொண்ணு கூப்பிடுறா, அப்புறம் என்னடி யோசனை என்கிறார்.

நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும், ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. உனக்குக் கோபம் வரும், வரட்டும். பரீட்சை எழுதுவேன், தேறவும் தேறுவேன். உன்னைப் பார்க்க வருவேன், தங்க வரமாட்டேன். திங்கட்கிழமை முதல் காலை வகுப்பு என்னுடையது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் போனில் உளறிவிடாதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா