தீர்த்தம் குடிப்பதற்கல்ல

கொடைக்கானல்
12.8.1981

அன்பு மகன் லூர்துசாமிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கை அருள்மேரியும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அது பொய் என்று அரபு நாட்டுக் கேம்பில் உன் அறையில் படுக்கிற ஞானமுத்து லீவில் பண்ணைக்காட்டுக்கு வந்த மறுநாளே நம் வீடு தேடி வந்து சொல்லிவிட்டான். உனக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லையாம், இப்போது ரத்தமும் சேர்ந்து போகிறதாம். டாக்டரிடம் போனால் சீக்காளி என்று போர்மேன் ஊருக்கு ஏற்றிவிடுவான் என்று மறைக்கிறாயாம். ஞானமுத்து டாக்டரிடம் போக உன் கையைப் பிடித்து இழுத்ததற்கு, எங்கம்மா குடுத்த தீர்த்தம் கெடக்குலே, தெனம் வெள்ளனே ஒரு மூடி குடிக்கேன், சரியாயிரும், நீ ஒன் சோலியப் பாரு என்றாயாம். ரத்தம் போவதை உன் அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. தீர்த்தம் குடிப்பதை மட்டும் ஞானமுத்து உளறிவிட்டான், பிள்ளைக்கு எம்புட்டு விசுவாசம் பாத்தீங்களா என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது யோசித்தாயா? இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குழாயில் பிடித்து, சாமியாரிடம் மந்திரித்து வாங்கின தண்ணீர். அந்தக் குழாயில் வருவதும் நம் லைன் வீட்டுக்கு வருவதும் ஒரே ஓடை, மேலே பங்களாக்களின் சாக்கடை இறங்குகிற ஓடை. அதைக் குடித்துத்தான் போன மழைக்கு அருள்மேரிக்குக் காமாலை வந்தது, எட்டிப் பார்க்க ஒரு அதிகாரி வரவில்லை. நான் சமைக்கிற பங்களாவில் வெள்ளைக்காரர்கள் பல் விளக்கக்கூடக் காய்ச்சின தண்ணீர் கேட்கிறார்கள், அதற்கு விறகு சுமக்கிற நமக்குப் பச்சைத் தண்ணீர் போதும் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. மந்திரித்துக் கொடுத்த சாமியார் மேசையிலும் காய்ச்சின தண்ணீர்தான் இருக்கிறது, அவருக்கு விசுவாசம் இல்லையா? ஓடைத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு, ஒன்றும் செய்யாது என்று வீறாப்புப் பேசாதே. கேம்ப் தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. ஐஸ் போட்ட எதையும், ரோட்டில் அறுத்து ஈ மொய்க்க வைத்திருக்கிற பழத்தையும் தொடாதே. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து குடித்துக்கொண்டே இரு. இதெல்லாம் டாக்டரைப் பார்த்த பிறகுதான். ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும். இங்கே கேரட் மூட்டை தூக்கிப் பிழைக்கலாம். பெட்டியில் வருவதற்கு நடந்து வருவது மேல்.

இதை எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். தீர்த்தத்தை விடாமல் குடிக்கச் சொல்லி எழுதச் சொல்கிறாள், எழுதிட்டீங்களா என்று இரண்டு தடவை கேட்டாள், எழுதிவிட்டேன் என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதது இன்றைக்கு உதவியது. ஞானமுத்து கையில் இந்தக் கடிதத்தோடு புது பாட்டில் ஒன்றும் வரும். நேற்று அவள் செபமாலைக்குப் போயிருந்த நேரம் அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்துத் தளதளவென்று காய்ச்சி, பாட்டிலையும் வெந்நீரில் போட்டு எடுத்து, திரும்ப ஊற்றி வைத்தேன். மந்திரித்தது அதில் மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அப்படியும் குடிக்காதே. நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போ.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நீ அவளுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. சுகம் என்று மட்டும் எழுதினால் நம்பமாட்டேன்.

உன் அப்பா
ஆரோக்கியதாஸ்