குட்ஸ்செட்டின் கோணல் அறை

786

மருதமுனை
22.03.1979

அன்பு மகன் ஜவுபருக்கு உம்மா முனவ்வறா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் வயிறாரத் தின்று சண்டை பிடிக்கும் அளவுக்குச் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். சூறாவளியில் பறந்த நம் வீட்டுக் கூரைக்கு வாப்பா போன கிழமைதான் ஓடு போட்டு முடித்தார், உன் தங்கச்சி சுஹறாவுக்குக் காய்ச்சல் மாறிவிட்டது. எல்லாருக்கும் முதுகைக் காட்டிவிட்டு வந்து ஜித்தாவில் தனியாகக் கிடக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதை வாசித்து நான் இரண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. அதற்குப் பதில் கடைசியில் வைத்திருக்கிறேன்.

மட்டக்களப்பு லைனில் உன் மூத்தவாப்பா கட்டின, ரயில் சாமான் இறக்கி வைக்கும் குட்ஸ்செட் ஞாபகமிருக்கிறதா? அதன் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் கோணல் அறையால்தானே என் வாப்பாவுக்குக் ‘கோணல் மேசன்’ என்று பட்டம் வந்தது, என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அந்த மனுசன் ஒரு பதில் சொல்லாமலே மௌத்தாகிவிட்டார். உன் தம்பி ஹமீட் இப்போது அங்கேதான் கூரை வேலை செய்கிறான். போன கிழமை வந்தவன், உம்மா, அந்த அறையச் சூறாவளி திருகிப்போட்டுதாம், இடிக்கச் சொல்லிப்போட்டார் இன்ஜினியர் என்றான். எனக்கு வந்ததே கோபம்! நான் சின்னப்பிள்ளையில் பார்த்தபோதும் அது கோணல்தானே, நேற்று அடித்த காற்றா திருகியது? உன் வாப்பா தடுத்தார், நான் கேட்கவில்லை, மறுநாள் ஹமீட்டோடு பஸ் ஏறிவிட்டேன்.

இன்ஜினியர் காலி ஊர்ப் பக்கத்து முஸ்லிம், நம்மாள், நல்ல பிள்ளை, கதிரை போட்டுத் தந்தார். தம்பி, காத்து சுவரத் தள்ளும், அத்திவாரத்தையுமா திருப்பும், தோண்டிப் பாருங்க என்றேன். தோண்டினால் அத்திவாரமும் அதே கோணத்தில் போகிறது. அதற்குமேல், செட்டும் அறையும் சேரும் மூலை பெயர்ந்து கிடந்ததை அவரே காட்டினார், அறையின் பழைய வெள்ளைப்பூச்சு செட்டுச் சுவருக்குப் பின்னாலும் போகிறது, ஆகவே அறைதான் முதலில் நின்றது, செட் பிறகு வந்து ஒட்டியது. நாங்கள் இத்தனை காலமும் தலைகீழாகவல்லவா நினைத்திருந்தோம்! வேலைக்குப் போன நம் ஆட்கள் தாங்கள் படுக்கவும் தொழவும் முதலில் கட்டின அறை, மகன், அது, ரயில் பாதைக்கு நேராக அல்ல, தொழும்போது மக்காவைப் பார்க்கும் கிப்லாவுக்கு நேராக. நான் பெருமையோடு அதைச் சொல்ல, அவர் திசை காட்டும் கொம்பாஸை வைத்துப் பார்த்துவிட்டு, இல்ல உம்மா, கிப்லா இன்னும் வடக்க, இது தெற்க சாஞ்சு கிடக்கு என்றார். அப்போ மெய்யாகவே கோணல்தானா என்று நானே எழும்பிப் போய்க் கொம்பாஸைப் பார்த்தேன்.

பிறகுதான் உறைத்தது. அவர்களிடம் கொம்பாஸ் ஏது? மேற்குத்தானே கிப்லா என்று, மஃரிபுத் தொழுகை நேரம் பொழுது விழும் இடத்தைப் பார்த்துக் கயிறு பிடித்திருப்பார்கள், மார்கழியில் பொழுது தெற்கே ஒதுங்கித்தானே விழும். அப்படியென்றால் மாரி மழைக்கு ஒதுங்க அறையைக் கட்டிவிட்டு, வெயில் வந்த பிறகு செட்டில் கைவைத்திருக்கிறார்கள். ஓம் உம்மா, அதுதான் சரி என்று இன்ஜினியரும் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே குப்பை வாரின ஹமீட் ஓடி வாங்க என்று கத்தினான். தரையில் சுவரோடு சேராமல் ஒரு கோடு வெட்டியிருக்கிறது, தொழுகை வரிசைக்குரிய கோடு. கொம்பாஸை வைத்துப் பார்த்தோம், அதில் நின்றால் முகம் நேரே கிப்லாவுக்கு. பொழுது வடக்கே நகர்ந்ததும் பிழை தெரிந்திருக்கும், என் வாப்பா சுவரை இடிக்கவில்லை, தொழுகையைத் திருப்பிக்கொண்டார்.

இடிக்க வேண்டாம், கூரையை மட்டும் போடு என்று இன்ஜினியர் ஹமீட்டிடம் சொல்லிவிட்டார். இனி யாராவது கோணல் மேசன் என்று கதைக்கட்டும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கோட்டில் நின்று அஸர் தொழுதேன், அழுகையை அடக்க முடியவில்லை. ஜித்தாவில் கிப்லா கிழக்குப் பக்கம் என்று நீ முன்பு எழுதினது அப்போதுதான் விளங்கியது. நான் மேற்கே பார்த்து நிற்கிறேன், நீ கிழக்கே பார்த்து நிற்கிறாய், நடுவில் மக்கா. நீ எங்கே மகன் முதுகைக் காட்டினாய்? நீ போன நாள் முதல் ஐந்து நேரமும் நாம் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் நிற்கிறோம்.

வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். சுபஹுத் தொழுகையைத் தூங்கித் தவறவிடாதே, நான் எதிரே நிற்பேன்.

உன் உம்மா,
அ. முனவ்வறா