கிளிப்பின் திறந்த வாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை கூசுகிறது. பைக் செயின் அறுந்து வண்டி கவிழ்ந்ததில் நசுங்கிய உன் அத்தானின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்றுத்தான் போர்வையை விலக்கிப் பார்த்தார். இனிமேல் ஒரு செருப்பு மிச்சம் என்று சிரிக்கிறார். அவரையே அறையலாம் போல இருந்தது எனக்கு.

உன் கடிதம் வந்தது. கடைக்காரர் மட்டமான செயினை நம் தலையில் கட்டிவிட்டார் என்று போலீஸில் சொல்லச் சொல்கிறாய். சொன்னால் உன் வழக்கு இளகுமாம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அறுந்த செயினோடு நீ அந்தக் கடைக்குப் போய், கல்லாவில் இருந்த மனிதரைத் தரையில் இழுத்துப் போட்டு, அதே செயினால் முகத்தில் விளாசினாய் என்று கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. இன்னும் நாலு போட்டிருக்கக் கூடாதா என்று ஆபரேஷன் அறை வாசலில் நின்று சொன்னவள் நான்.

அந்தச் சூட்டோடுதான் கடைக்காரர் இருந்த வார்டுக்குப் போனேன். ஒரு கண் போய்விட்டது. மூக்கெலும்பு நொறுங்கி, உதடு முழுக்கத் தையல். அவர் மனைவி ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பயணம் கிளம்புமுன் அத்தான் எடுத்த படத்தை, புதுச் செயின் பளபளக்கும் படத்தை, போனில் நீட்டி, இதையா விற்றாய் பாவி என்றேன்.

அவர் இருக்கிற கண்ணால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“செயினோட ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்போட திறந்த வாய் செயின் ஓடுற பக்கம் பார்க்குதும்மா. மூடின முனைதான் முன்னால போகணும். இப்படிப் போட்டா ஒரு கல்லு தட்டினாலே கழண்டுடும்.”

அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

செயின் வாங்கிய அன்று கடையில் அவர் என்ன சொன்னார்? செயினோடு முன்னும் பின்னும் பல்சக்கரங்களையும் மாற்றுங்கள், மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிற கனமான வண்டிக்குக் கிளிப் தாங்காது, கழலாதபடி ஆணி போல ரிவெட் அடித்துத் தருகிறேன், சாயங்காலம் வரை வண்டியை விட்டுப் போங்கள் என்றார். அத்தான் தலையாட்டினார். நீதான், வியாபாரி பேச்சைக் கேட்டால் வண்டியையே மாற்றச் சொல்வான் என்று கிண்டலடித்தாய். பல்சக்கரம் வாங்கினாய். ரிவெட் வேண்டாம் என்று கிளிப்பைக் கேட்டு வாங்கினாய். பாதிப் பேச்சைக் கேட்டாய், தம்பி.

நம் வாசலில் உட்கார்ந்து நீ இடுக்கியால் அழுத்தினாய். கிளிப் தெறித்து வாளிக்கு அடியில் போய் விழுந்தது. தேடி எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தவள் நான். வாய் எந்தப் பக்கம் என்று நீ பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. செயினோடு வந்த, படம் போட்டு விளக்கியிருந்த தாளில் நீ கை கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அத்தானிடம் சொன்னேன். அவனிடம் சொல்லாதே, தாங்கமாட்டான் என்றார். காலை இழந்த மனிதர் உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறார்! நீ எதிரில் இருந்திருந்தால் பல் தெறிக்க அறைந்திருப்பேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். உன் விலாசத்தை மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லப் போகிறேன். அதற்கு ஒரு நாள் முன்பே இந்தக் கடிதம் உன்னிடம் வந்துவிடும். நடுவில் இருக்கிற ஒரு நாளை ஓடுவதற்காக நான் தரவில்லை. குளித்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு நீயே நடந்து போ. அங்கே யார் என்ன சொன்னாலும் கையை ஓங்காதே.

நீ நூறு வயது இருக்கணும், தம்பி. இரண்டு கண்ணோடும் இரண்டு காலோடும் இருக்கணும்.

இப்படிக்கு,
கிளிப்பைத் தேடி எடுத்துக் கொடுத்த
உன் அக்கா