தலை இழுத்த பிறகு

ஜூலை 12, சனி இரவு, மெரிலேண்ட்ஸ், சிட்னி.

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

"கம்போடியா வரைக்கும் போய், அந்தப் புனோங் சனத்தின்ரை மலைக் கிராமத்திலை ஒரு நாள் இருந்திட்டு, ஒரு படமும் எடுக்கேல்லையோ? ஆர் நம்புவினம்?"

"கேட்டனான். சாப்பாடு தந்த வீட்டுக்காரி வேண்டாமெண்டிட்டா," என்றேன். மிச்சத்தைச் சொல்லச் சிரிப்பு விடவில்லை.

அந்த வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கும் என்னோடு வந்த வழிகாட்டிப் பெண்ணுக்கும் சோறும் பூசணிக்காய்க் கறியும் தந்தாள். வீட்டுக்காரியைப் படம் எடுக்கலாமா என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். கலைந்திருந்த தலைமயிரைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்றாள். தோட்டத்திலிருந்து அப்படியே வந்த கோலம். எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வெளிக்கிடும்போது அவள் தன் போனோடு வந்தாள். என்னை ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்கிறாளாம்.

"ஐயோ, பொறுங்கோ, தலை இழுக்கேல்லை!"

தமிழில் கத்திவிட்டேன். கை தானாகவே தலைக்குப் போயிருந்தது. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே போய்ச் சீப்பைக் கொண்டுவந்து, முதலில் என்னிடம் நீட்டினாள். நான் தலை இழுத்து முடிய, அவளும் இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய போனில் வழிகாட்டிதான் எடுத்தாள்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க நினைவே வரவில்லை. நான் அங்கே போனதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. சிட்னியிலிருந்து ஒருத்தி வந்தாள் என்பதற்கு அவளிடம் இருக்கிறது.