அண்ணனின் கணையமும் அரைஞாண் கயிறும்

மார்ச் 3, கம்பம்மெட்டு

இடுப்பில் வேட்டி நிற்காத மனிதனின் கணையத்துக்குள் கொழுப்பு எப்படிப் போகும்? வயிற்று ஸ்கேன் அறிக்கையை நீட்டி அண்ணன் கேட்டார். நான் வேதியியல் டீச்சர் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு நினைப்பு.

"எலும்புக்கூட்டுக்குள்ள நெய்யா? வேற எவனோட படமாவது மாறியிருக்கும் புள்ள."

அண்ணனின் ஏலக்காய்க் கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும். பொங்கலுக்குத் தைத்த சட்டை அவர் மேல் தொங்குகிறது.

மார்ச் 5

தேனி டாக்டரைப் பார்த்தோம். அண்ணனுக்குத் திடீரென்று வந்த சர்க்கரை நோய்க்கு இந்தக் கொழுப்பும் காரணமாகலாமாம். அதன் பின்னால் வேறு ஏதாவது மறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். எம்ஆர்ஐயில் கொழுப்பையும் நீரையும் பிரித்து, எந்த இடத்தில் எத்தனை சதவீதம் என்று அளப்பார்கள்.

"அளந்து என்ன செய்வீங்க?"

"கொழுப்பு மட்டும்னா, சர்க்கரையக் கட்டுப்படுத்தினாப் போதும்மா."

அந்த 'மட்டும்' என்னோடு மலையேறி வந்தது.

மார்ச் 9

எம்ஆர்ஐ ஸ்கேன் வீண். கணையம் இருக்க வேண்டிய இடத்தில் மை கொட்டியதுபோல் கறுப்பு. தாயத்து, மோதிரம் எல்லாம் கழற்றியாயிற்றா என்று கேட்டதற்கு அண்ணன் "ஆச்சு" என்றாராம். உலோகத் தாயத்து கோத்த அரைஞாண் கயிற்றை யாரும் பார்க்காதபடி மேல்வயிற்றுக்கு ஏற்றிவிட்டு, அதன் மேல் அங்கியைப் போட்டிருக்கிறார். மதினியின் யோசனை!

"உசுரோட இருக்க மனுசனுக்கு அரணாக்கயித்த அறுப்பாகளா? பாடையில வச்சுத்தான் அறுப்பாக."

அவிழ்க்கவும் முடியாது. முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது.

மார்ச் 10

காந்தம், உலோகம் என்று விளக்கினேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. மதினி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லி என்ன?

மார்ச் 14

வழியும் மதினிதான் கண்டுபிடித்தார். "புதுசக் கட்டிட்டுப் பழச எடுப்போம். இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

வெறும் கறுப்புக் கயிற்றைக் கட்டினார். பழையதை வெட்டக் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தார்.

"நீ வெட்டு ஆனந்தி. ஒனக்குத்தான் எதுலயும் நம்பிக்கை இல்லையே."

"பாத்து, குடலையும் சேத்து வெட்டிராத" என்றார் அண்ணன்.

வெட்டினேன்.

மார்ச் 16

நாளை மறுபடி ஸ்கேன். கொழுப்பாகவே இருக்கட்டும் — யாரிடம் கேட்கிறேன்?

மார்ச் 17

படம் தெளிவாக வந்தது. கொழுப்பு பதினாறு சதவீதம். டாக்டர் அந்த எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. கணையத்தின் வால் பக்கம், கொழுப்பே இல்லாத ஒரு சின்ன இடத்தைப் பேனாவால் காட்டினார். கட்டியாக இருக்கலாம் என்று மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

"அங்கயாவது நெய்யில்லாம இருக்கே" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் மதினி, கயிற்றை வெட்டியதற்காக என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்பம் தாண்டி மலை ஏறும்போது கேட்டார்: "பழைய கயித்த எங்க போட்ட?"

என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.