ஆனைவரைக் குடைவில் அரச முத்திரை துளைக்கப்பட்டது குறித்து

மழை பொய்க்காத வேங்கைநாட்டின் பேரரசியார், ஏழு கோட்டைகளுக்கும் உடையவர், கயற்கண் மாதேவியார் திருமுன்னர், ஆனைவரை மலையில் நீர்க்குடைவு வேலையை நடத்தும் அமைச்சன் கீரந்தை நெற்றி நிலம்பட வணங்கி விடுக்கும் ஓலை. தேவியார் நெடிது வாழ்க. தலைநகரின் குளங்கள் நிறைக. இவ்விடம் நலம் என்று அடுத்து எழுதுவது வழக்கம். கீரந்தையால் இன்று அதை எழுத முடியவில்லை.

மூன்று நாள் முன்பு குடைவின் கூரை சரிந்து பதின்மூவர் உள்ளே அகப்பட்டனர். அகப்பட்டவர்கள் நாழிகைக்கு ஒருமுறை, ஆளுக்கு ஓர் அடியாகப் பாறையில் சுத்தியலால் அடித்துத் தாம் உயிரோடிருப்பதை அறிவிப்பது மலைவேலையாட்களின் மரபு. முதல் நாள் பதின்மூன்று அடி கேட்டது. நேற்று ஒன்பது. இன்று விடியலில் ஐந்து.

காற்றும் கஞ்சியும் உள்ளே செல்லப் பாறையில் ஒரு துளை வேண்டும். சரிவில் சிக்கிய இரண்டு துளைப்பொறிகளின் தண்டுகளும் வளைந்துவிட்டன. மாற்றுத் தண்டு உண்டு. ஆனால் துளையூசியைப் பற்றும் மூவிரல் கவ்விகள் வளைந்த தண்டுகளை விட்டு வரவில்லை. தண்டின் முனை கூம்பாகச் சிறுத்துக் கவ்வியின் பின்குழிக்குள் ஆணியின்றித் தன் இறுக்கத்தாலேயே நிற்பது. வேலை செய்யச் செய்ய இன்னும் இறுகுவது.

முதற்கவ்வியைக் கெடுத்தவன் கீரந்தையே. பதற்றத்தில் அறிவிழந்து, கொல்லன் எயினன் வந்து சேருமுன் விரல்களின் மீதே சம்மட்டியால் அடிக்குமாறு வீரர்களை ஏவினான். மூன்று விரல்களும் தெறித்தன. பின்னர் வந்த எயினன் அத்துண்டுகளைத் துணியில் பொறுக்கிக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் கீரந்தைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எஞ்சிய ஒரே கவ்வியில், தண்டின் தோளுக்கும் கவ்வியின் முதுகுக்கும் இடையே இருபுறமும் ஆப்புகளைச் செலுத்திப் பார்த்தான் எயினன். தோள் நசுங்கியிருந்ததால் ஆப்பு பிடிக்கவில்லை. இனி ஒரு வழியே உண்டு என்றான்: விரல்களை முழுதும் விரித்துக் கவ்வியின் உடலுக்குள் ஒடுக்கி, கவ்வியின் வாய்வழியே அதன் தொண்டையடியில் சிறு துளையிட்டு, அத்துளையில் எஃகு ஊசியை நிறுத்தி, கூம்பின் முனையைப் பின்னிருந்து தள்ளுவது.

அந்தத் தொண்டையடியில்தான் தேவியாரின் தந்தையாரது பெயர் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசர் பெயரைத் துளைத்த கை மணிக்கட்டோடு போகும் என்பது சட்டம். படைத்தலைவர் ஏறையர் கொடியவர் அல்லர். ஆயினும் தேவியாரின் திருவோலை வராமல் அனுமதியேன் என்று வாளோடு நின்றார். தலைநகர் போய்வர ஆறு நாள்.

அப்போது எயினன் ஏறையரைப் பணிந்து ஒன்று கேட்டான். கையை வெட்டுவதானால் பாறை துளைபட்ட பிறகு வெட்டலாமா, அதுவரை ஊசிகளைத் தீட்ட வேறு ஆள் இல்லையே என்றான். கூலி நாளை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்பவனின் குரலில் அதைக் கேட்டான். கீரந்தை எழுந்து சென்று ஊசியைச் சுழற்றும் வில்துளையின் வில்லைத் தானே பிடித்தான். எயினன் ஊசியைச் சாயாமல் நிறுத்த, கீரந்தை வில்லை இழுத்தான். ஏறையர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வாளை உயர்த்தவில்லை.

துளை கூம்பைத் தொட்டதும், விரல்களில் பாரம் விழாதபடி கவ்வியின் உடலை இரண்டு இரும்புக் கட்டைகளின் மேல் அமர்த்தி, தண்டு கீழே தொங்க, எஃகு ஊசியின் தலையில் எயினன் ஒரே அடி அடித்தான். தண்டு மணலில் விழுந்தது. விரல்களில் கீறலும் இல்லை. மாற்றுத் தண்டு ஏறிற்று, சக்கரம் சுழல்கிறது. இன்னும் இரண்டு முழப் பாறை இருக்கிறது. சற்றுமுன் கேட்டது மூன்று அடி.

மன்னர் பெயராயிருந்த இரும்புத்தூளைத் துணியில் முடிந்து இவ்வோலையோடு அனுப்பியிருக்கிறது. துளைத்தவன் வில்லை இழுத்தவனே. எயினன் ஊசியைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான். அதுவும் கீரந்தையின் ஆணையால்.

ஆகவே ஆனைவரையிலுள்ள படைத்தலைவருக்கும் வீரர்க்கும் அமைச்சன் கீரந்தையின் கட்டளையாவது: திருவோலை வரும்வரை எயினன் கையை எவரும் தீண்டலாகாது, திருவோலை வந்தபின் கீரந்தையைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவன் சக்கரத்தருகிலேயே இருப்பான். இது மலைமுகப்பில், சரிவின் நான்காம் நாள் உச்சிப்பொழுதில் முத்திரையிடப்பட்டது.

இவ்வோலை கீரந்தை தன் வலக்கையால் எழுதியது. அடுத்த ஓலை கோணல்மாணலான எழுத்தில் வருமாயின், திருவோலை வந்து சேர்ந்தது என்று தேவியார் அறிக; எழுத்தைப் பொருட்படுத்தாது, எத்தனை பேர் வெளியே வந்தனர் என்பதை மட்டும் படித்தருள்க.