மழையில் வராத தண்ணீர் லாரி

அக்கா,

காலையிலிருந்து மழை கொட்டுகிறது. குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே தண்ணீர் லாரிக்காக நின்றிருந்தேன். மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியே சிமெண்டுத் தரையில் விழுந்து, என் காலை நனைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. அப்போது லாரி டிரைவர் போன் செய்தார்.

"மேடம், உங்க தெருவுல முழங்கால் தண்ணி நிக்குது. வண்டி உள்ள வராது."

நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

மேனாம்பேட்டில் இந்த அடுக்ககம் நிற்கும் இடம் உங்கள் குடும்பத்தின் நெல்வயல். நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த கீழ்வீட்டில் நீங்கள்; தென்காசியிலிருந்து வேலைக்கு வந்து வாங்கிய மூன்றாம் மாடி வீட்டில் நான். முன்பக்கத்து மழைநீர் சேகரிப்புக் குழியை மூடி இரண்டு கார் நிறுத்தலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒரு இடம் என் காருக்கு. நீங்கள் மட்டும் எழுந்தீர்கள்.

"வானத்துலேர்ந்து சும்மா வர்றத ரோட்டுல உட்டுட்டு, நாளைக்கு இன்னாத்த குடிப்பீங்க?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். முந்தைய நாள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, குழியை மூடக் கூடாது என்று நானும் சொல்லியிருந்தேன். கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை.

பிறகு படிக்கட்டில், "கோவமாக்கா?" என்றேன். "கோவம் இன்னா கண்ணு. உன் காரு வெயில்ல காயாம இருக்கும்ல, போ" என்றீர்கள். அன்றைக்கும் மீன்குழம்பு கொடுத்தனுப்பினீர்கள்.

குழியை மூடிய இரண்டே கோடையில் போர்வெல் வற்றிவிட்டது. இப்போது லாரி வரும் நேரத்தை வைத்துத்தான் குளியல், சமையல், அலுவலகம் எல்லாம். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத்தான் திறந்து பார்க்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒருநாள் என் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தை உடைத்துக் குழியைத் திறக்கலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். மறுநாள் காலை அங்கே வேறொருவர் கார் நின்றது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "போர்ல தண்ணி வந்துச்சா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் பாதிதான் வந்தது. எனக்கு உண்மையைச் சொல்ல மனமில்லை.

"வந்துருச்சுக்கா. குழியத் திறந்துட்டோம்."

என் கையை இறுகப் பிடித்தீர்கள். "நீதான பேசுன? தெரியும் எனக்கு."

நான் தலையாட்டினேன். அதை நம்பிக்கொண்டே நீங்கள் போய்விட்டீர்கள். அதுவரை நான் பேசியதே இல்லை அக்கா. அதை இனி யாரிடம் சொல்வேன்?